பழைய ஆயிலைப் பார்த்தீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். ஃபைபர் படகின் பின்னால் அவுட்போர்டு மோட்டார் மாட்டி மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்களுக்காக இன்று ஆயில் மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறேன். ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். செய்து கொடுப்பார்கள்தான். ஆனால் வெளியே வரும் பழைய ஆயிலை மோட்டாரின் சொந்தக்காரர் ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டும். அங்கே அது நேரே டிரம்முக்குள் போய்விடும்.

ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாருக்கு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது பொதுக் கணக்கு. புது மோட்டாருக்கு முதல் மாற்றம் இன்னும் சீக்கிரம் வரும். பொழுதுபோக்குக்குப் படகு ஓட்டுகிறவருக்கு 100 மணி நேரம் என்பது ஒரு வருடம். தினமும் ஐந்து மணி நேரம் ஓட்டும் உங்களுக்கு அது இருபதே நாள்!

தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓட்டுங்கள். சூடான ஆயில் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட்டிவிடாதீர்கள், பம்பின் ரப்பர் இறக்கை கருகிவிடும். மோட்டாரை நேராக நிறுத்தி, ஆயில் வடியும் திருகைக் கழற்றி வடிய விடுங்கள். திருகைத் திரும்ப மாட்டும்போது வாஷர் புதிதாக இருக்கட்டும். எஃப்.சி-டபிள்யூ (FC-W) முத்திரையுள்ள, படகின் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாருக்கென்றே வரும் ஆயிலை அளவுக் கம்பியின் இரு கோடுகளுக்கு நடுவில் நிற்குமாறு ஊற்றுங்கள். கார் ஆயில் உப்புக்காற்றில் துருவை அந்த அளவுக்குத் தடுக்காது. வடித்த ஆயில் கறுத்திருந்தால் பயமில்லை. பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் ரேடியோவை அணைத்துவிட வேண்டாம். உங்களுக்கு ஆயில் எரிபொருளோடு கலந்து எரிந்துவிடுகிறது, சரி. ஆனால் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் கியர் பெட்டி எல்லோருக்கும் உண்டு. அதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள்.

படகை இரவு முழுக்கக் கரையில் நிறுத்தி வைத்து, காலையில் கியர் பெட்டியின் கீழ்த்திருகை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கியிருக்கும். முதல் சொட்டு தண்ணீராக வந்தால் சீல், அதாவது தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம், போய்விட்டது. நீர் புகுந்த மோட்டார் சற்று முன்தான் ஓடியிருந்தால் ஆயிலும் நீரும் கலந்து பால் காப்பி நிறத்தில் வரும். பெரும்பாலும் குற்றவாளி தங்கூசி என்னும் நைலான் தூண்டில் நரம்புதான். புரொப்பெல்லர் தண்டில் சுற்றி, உள்ளே புகுந்து, சீலை அறுத்துவிடும். ஆகவே புரொப்பெல்லரையும் கழற்றிப் பாருங்கள். திருகின் காந்த நுனியில் மாவு போன்ற இரும்புப் பொடி ஒட்டியிருப்பது வழக்கம். துண்டு துண்டாக இருந்தால் கியர் பல் உடைகிறது என்று பொருள், கடலுக்குப் போகாதீர்கள்.

வடிந்து முடிய மேல்திருகையும் கழற்ற வேண்டும். புது கியர் ஆயிலைக் குழாய் பொருத்திக் கீழ்த்துளை வழியாகவே ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். மேல்துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வழிந்ததும் முதலில் மேல்திருகை மூடுங்கள், பிறகு குழாயை எடுத்துக் கீழ்த்திருகைச் சட்டென்று போடுங்கள். வரிசை மாறினால் ஏற்றியதெல்லாம் மணலில்.

கழிவு ஆயிலைக் கரையில் கொட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், கோபம்தான் வருகிறது. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள் அதை அபாயக் கழிவு என்கின்றன. மூடியுள்ள கேனில் சேர்த்து, உரிமம் பெற்றுப் பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள். தண்ணீர் கலந்த கியர் ஆயிலுக்கு மட்டும் தனிக் கேன் வையுங்கள்.