ஏக்கரும் ரூட்டும் ஒரு கொமிட் குறிப்பும்

நேயர்களுக்கு வணக்கம். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கணினி படிக்கிற பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால், இன்றைய பேச்சு உங்களுக்குத்தான். நாலைந்து பேர் சேர்ந்து மென்பொருள் எழுதுகிறீர்கள். நிரலில் செய்யும் மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேமித்து வைக்கும் மென்பொருள் கிட். செய்த மாற்றத்தை அதில் பதிவுசெய்யும்போது, அதாவது கொமிட் பண்ணும்போது, அது ஒரு குறிப்புக் கேட்கும். அதில் என்ன எழுதுகிறீர்கள்? 'பிக்ஸ்', 'அப்டேட்', 'பைனல்', அடுத்த நாள் 'பைனல் 2'.

உர மானியக் கணக்குப் பார்க்கிற செயலி ஒன்றை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுவோம். சம்மாந்துறையில் வயல் சொந்தக்காரரான போடியார் ஒருவர் காணி அளவை 1.2 என்று அடிக்கிறார். ஒரு ஏக்கருக்கு நாலு ரூட், அல்லது 160 பேர்ச். அவர் சொல்வது ஒரு ஏக்கர் இரண்டு ரூட், அதாவது ஒன்றரை ஏக்கர். செயலியோ அதைத் தசமமாக எடுத்து 48 பேர்ச்சை விழுங்கிவிடுகிறது. உங்கள் குழுவில் ஒரு தங்கச்சி இதைப் பிடித்து, புள்ளிக்குப் பின்னால் வருவதை நாலால் வகுக்கும் வரி ஒன்றைச் சேர்க்கிறார். குறிப்பு: 'பிக்ஸ்'.

பிறகு அவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுகிறார். புதிதாக வந்த தம்பி அந்த வரியைப் பார்த்து, "தசமத்தை எதுக்கு நாலால வகுக்கிறாங்க?" என்று யோசிக்கிறார். ஒரு வரியை யார் எப்போது எழுதினார் என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையைப் போட்டால் எழுதியவர் பெயர் வருகிறது, திகதி வருகிறது, 'பிக்ஸ்' வருகிறது. பிழை என்று நினைத்து வரியை அழித்துவிடுகிறார். போடியாரின் 48 பேர்ச் திரும்பவும் போச்சு.

என்ன மாறியது என்பதை நிரலே காட்டும். ஏன் மாறியது என்பதைக் குறிப்புத்தான் சொல்ல வேண்டும். தங்கச்சி இப்படி எழுதியிருக்கலாம். முதல் வரி: 'காணி அளவில் புள்ளிக்குப் பின் வருவது ரூட்.' ஒரு வெற்று வரி. பிறகு: 'விவசாயிகள் 1.2 என்று எழுதுவது 1 ஏக்கர் 2 ரூட்டை. தசமமாக எடுத்ததால் 48 பேர்ச் குறைந்தது. ரூட்டுக்குத் தனிக் கட்டம் வைப்பதே சரி. திரையை மாற்ற நேரமில்லாததால் இப்போதைக்கு இது.' அந்தக் கடைசி வசனம் எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்து வருகிறவருக்குச் செய்ய வேண்டிய வேலையையும் அது காட்டிவிடுகிறது.

கிட்டை 2005 ஏப்ரலில் லினஸ் டோவால்ட்ஸ் எழுதியது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரலுக்காக. அந்தக் கருநிரலுக்குத் திருத்தம் அனுப்புகிறவர் பிரச்சினை என்னவென்று விளக்க வேண்டும் என்று அவர்களின் வழிகாட்டியே கேட்கிறது. ஒரு வரித் திருத்தத்துக்குப் பத்து வரி விளக்கம் அங்கே புதினமில்லை.

முதல் வரி 50 எழுத்துக்குள் என்பது வழக்கம்தான், சட்டமில்லை. தமிழில் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 50 சீக்கிரமே வந்துவிடும், கவலைப்படாதீர்கள். முதல் வரிக்கு அடுத்து வரும் வெற்று வரியை மட்டும் தவறவிடாதீர்கள். தவறவிட்டால் கீழே இருப்பதையும் கிட் தலைப்போடு சேர்த்துவிடும்.

நம் பிள்ளைகள் 'பிக்ஸ்' என்று முடிப்பது சோம்பலால் என்று நான் நம்பவில்லை. இங்கிலீஷில் நாலு வரி எழுதக் கூச்சம். குழுவில் எல்லோருக்கும் தமிழ் தெரியும் என்றால் தமிழிலேயே எழுதுங்கள், கிட்டுக்கு ஒரு தடையும் இல்லை. சிங்கள நண்பர்களும் இருந்தால் உடைந்த இங்கிலீஷ் போதும். இலக்கணம் பிழைத்தாலும் காரணம் இருக்கட்டும்.

கடைசிக் குறிப்பு பிழைத்துவிட்டால், புஷ் பண்ணுவதற்கு முன், அதாவது குழுவின் பொதுப் பிரதிக்கு அனுப்புவதற்கு முன், அமென்ட் போட்டுத் திருத்தலாம். புஷ் பண்ணியாயிற்றென்றால் விட்டுவிடுங்கள். குறிப்பை மாற்றினால் கொமிட்டின் அடையாள எண்ணும் மாறும், பிரதி எடுத்து வைத்திருக்கிற மற்றவர்கள் பாடு திண்டாட்டமாகிவிடும். வணக்கம்.