ஜாம் போத்தலும் ஒரு பன்னமும்

நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் குசினி யன்னலில் ஒரு ஜாம் போத்தல் நிற்கிறது. லேபிள் பாதி உரிந்தபடி. உள்ளே மணி பிளான்ட். வேர்கள் அடியில் வெள்ளை நூல்பந்துபோலச் சுருண்டு கிடக்கின்றன. கன்று தந்தவர் கொட்டாஞ்சேனை மாமி. தந்தவர் என்றால், அவர் பார்க்காத நேரம் நான் முறித்து எடுத்தது. களவாக எடுத்து வைத்தால்தான் அது தழைக்குமாம். மாமிக்கும் அது தெரியும். சரியாக அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

வீட்டுக்குள் செடி வளர்ப்பது பெரிய அளவில் பரவியதற்கும் ஒரு போத்தல்தான் காரணம். 1829இல் லண்டன் வைத்தியர் நதானியல் வார்ட், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு போத்தலில் மூடி வைத்தார். மண்ணில் ஒரு பன்னமும் (ஆங்கிலத்தில் ஃபேர்ன்) கொஞ்சம் புல்லும் தாமாக முளைத்தன. அவருடைய தோட்டத்துப் பன்னங்கள் நிலக்கரிப் புகையில் செத்துக்கொண்டிருந்த காலம் அது. போத்தலுக்குள் புகை போகவில்லை. ஆவியான ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே வடிந்தது. வார்ட் கண்ணாடிப் பெட்டிகள் செய்யத் தொடங்கினார். 1845இல் பிரிட்டனில் கண்ணாடி வரியும் நீங்கியது. அப்புறம் என்ன, வசதியான வீடுகளின் வரவேற்பறையில் பன்னப் பெட்டி இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு.

அந்தப் பெட்டி வரவேற்பறையோடு நிற்கவில்லை. கப்பல் தட்டில் உப்புக்காற்றுப் பட்டுச் சாகும் கன்றுகளை அது உயிரோடு கரைசேர்த்தது. 1876இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 1,919 றப்பர் கன்றுகள் 38 பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவில் ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். அலங்காரப் பெட்டிக்கும் எங்கள் றப்பர் தோட்டங்களுக்கும் இப்படியொரு சொந்தம். கொம்பனித் தெருவில் இன்றும் கியூ வீதி இருக்கிறது. பேராதனைப் பூங்கா 1821இல் தொடங்குவதற்கு முன்னர், லண்டன் கியூவின் பெயரிலேயே ஒரு தாவரத் தோட்டம் அந்தப் பக்கத்தில் இருந்தது. இப்போது அங்கே வானைத் தொடும் அடுக்குமாடிகள். செடி பல்கனிச் சாடியில்.

ஒரு வேடிக்கை. எங்கள் உலர்வலயத்துப் பற்றைகளில் சும்மா வளரும் மருள் செடியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் ஆபிரிக்கச் சொந்தக்காரனான ஸ்நேக் பிளான்டைப் பத்தரமுல்லைக் கடைகளில் பளிங்குச் சாடியோடு காசு கொடுத்து வாங்குகிறோம். மணி பிளான்ட் மட்டும் என்ன, பசிபிக்கில் மூரியா தீவிலிருந்து வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு 'சிலோன் கொடி' என்றும் ஒரு பெயர்! இத்தனை காலம் இங்கே இருந்ததற்கு அந்தப் பெயர் தகும் என்றே நான் நினைக்கிறேன்.

டெங்குக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் பார்ப்பது சாடித் தட்டுகளைத்தான். முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு கிழமை போதும். அதனால் செவ்வாயும் வெள்ளியும் போத்தல் தண்ணீரை மாற்றி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுகிறேன்.

போன கிழமை மாமி போன் எடுத்தார்.

"கன்று எப்படியடா?"

"எந்தக் கன்று, மாமி?"