மொழி தெரிந்தால் போதுமா? பழக்கமே என்ற அணியில் ஒரு பேச்சு

நடுவர் அவர்களுக்கும், அரை மணி நேரமாக என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணித் தோழர்களுக்கும், மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் மக்களுக்கும் வணக்கம்.

தலைப்பு எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன். வெவ்வேறு ஊர், வெவ்வேறு வளர்ப்பு கொண்டவர்கள் பேசும்போது ஒருவரையொருவர் தப்பாகப் புரிந்துகொள்வதற்குப் பெரிய காரணம் மொழி தெரியாததா, பழக்கவழக்கம் தெரியாததா? மொழிதான் என்று எதிரணித் தலைவர் அடித்துச் சொன்னார். ராமேஸ்வரத்துக்கு வரும் வடநாட்டு யாத்திரிகர் படும் பாட்டை நடித்தே காட்டினார். நன்றாக நடித்தார், நானும் கைதட்டினேன். ஆனால் அவர் காட்டிய ஊரிலேயே அவர் வாதம் நிற்கவில்லையே!

ராமேஸ்வரம் ரயிலடியில் இறங்கிப் பாருங்கள். ஆட்டோக்காரத் தம்பி இந்தியில் கூப்பிடுவார். சங்கும் பாசிமணியும் விற்கும் அக்கா, வருகிறவர் முகத்தைப் பார்த்தே வங்காளத்தில் விலை சொல்வார், மராத்தியில் குறைப்பார். கோயிலுக்குள் 22 தீர்த்தத்துக்கும் வாளியோடு கூடவே வருகிறவருக்கு எத்தனை மொழி தெரியும் என்று அவரே எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். யாரும் இதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. வயிறு கற்றுக்கொடுத்தது. தேவை வந்தால் மொழி வந்துவிடும் நடுவர் அவர்களே.

மொழியே இல்லாமலும் காரியம் நடக்கும். பழைய மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் கையைக் கோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்தால் ஒரு விலை, விட்டால் ஒரு விலை. சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. மாடு கைமாறிவிடும். பேச்சே இல்லை, ஆனாலும் பேரம் முடிகிறது. ஏன்? இரண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் தெரியும், அவ்வளவுதான்.

சரி, இப்போது மொழி ஒன்றாக இருந்தும் பேச்சு முட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். ரொம்பத் தூரம் போக வேண்டாம், முஸ்லிம்கள் நிறைய வாழும் நம்ம கீழக்கரைக்குப் போவோம்.

முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், கூட வேலை பார்த்த கீழக்கரை நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார். நம்ம மாவட்டம், நம்ம தமிழ். வாசலிலேயே, "வாங்க காக்கா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். காக்கா என்றால் அங்கே அண்ணன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், இலையும் இல்லை, தனித்தட்டும் இல்லை. விரிப்பின் நடுவில் பெரிய தாம்பாளம், அதில் நெய்ச்சோறு, மேலே கறி. சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிட வேண்டும். சகன் சாப்பாடு என்பார்கள். ஒரே தட்டில் உண்டால் உறவு என்று நினைக்கிற ஊர் அது. நம்ம ஆள் வளர்ந்த வீட்டிலோ, அண்ணன் கடித்த மாங்காயைத் தம்பி வாங்கினாலே, எச்சில் என்று அம்மா கையில் அடிப்பார். அவர் கை பாதியில் நின்றுவிட்டது.

அந்தக் கை நின்றது ஒரு நொடிதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முகம் மாறிவிட்டது. நம்ம வீட்டுச் சோற்றில் கை வைக்கக் கூசுகிறார் போலிருக்கிறது, மதம் பார்க்கிறாரோ, சாதி பார்க்கிறாரோ என்று அவருக்கு ஓடுகிறது. இவருக்கு அந்த நினைப்பே இல்லை, எச்சில் ஒன்றுதான் மனதில். இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. கல்யாண வீட்டுக்காரர் விவரம் தெரிந்தவர். சிரித்துக்கொண்டே ஒரு சின்னத் தட்டை எடுத்து வந்து வைத்தார். பிறகு வட்டிலப்பம் என்ற இனிப்பு வந்தது, எல்லாம் சரியாகிப் போனது.

நம்ம முதுகுளத்தூர்க்காரர் அதோடு விட்டாரா? மரியாதைக்கு எதையாவது கேட்க வேண்டும் என்று, "பொண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு எப்ப அழைச்சிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அங்கே பெண்ணுக்கு வீட்டைக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எங்கள் பக்கம் வீட்டோடு மாப்பிள்ளை என்று ஒருவரைச் சொன்னால் சண்டை வரும். கீழக்கரையில் அது சாதாரண விஷயம். தலைமுறை தலைமுறையாக மகள் கையில் வீடு இருக்கிற ஊர் என்று தெரிந்தால், அந்தக் கேள்வியே வந்திருக்காது. (என்னைக் கேட்டால் கீழக்கரை முறைதான் புத்திசாலித்தனம் என்பேன். இது அணிக்காகச் சொல்வதல்ல, சொந்த அபிப்பிராயம்.)

இதில் மொழி எங்கே குறுக்கே வந்தது என்று எதிரணி சொல்லட்டும்.

எட்வர்ட் ஹால் என்று ஓர் அமெரிக்க மானிடவியல் அறிஞர் இருந்தார். சில சமூகங்களில் சொல்ல வந்தது அவ்வளவும் சொல்லிலேயே இருக்கும், வேறு சில சமூகங்களில் பாதிக்கு மேல் முகத்திலும் சூழலிலும், யார் முன்னால் யார் பேசுகிறார் என்பதிலும் இருக்கும் என்று 1976-இல் எழுதினார். எவ்வளவு தள்ளி நின்று பேசுவது என்பதையும் அவர் அளந்திருக்கிறார். அவர் நாட்டில் நெருக்கமில்லாதவரிடம் வேலை விஷயம் பேசினால் நான்கடியாவது தள்ளி நிற்பார்களாம். ராமநாதபுரம் பஸ்ஸில் நான்கடிக்கு எங்கே போவது!

நம்ம கடற்கரைப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். தொண்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதியவன், அரபி அவன் காதுக்குப் புதிதல்ல. முதலாளி வீட்டில் காபி கொடுத்தார்கள். பிடியில்லாத சின்னக் கிண்ணம். குடித்து முடித்து நீட்டினான், மறுபடி ஊற்றினார்கள். கொடுப்பதை மறுத்தால் மரியாதை இல்லையே என்று அதையும் குடித்தான். ஊற்ற ஊற்றக் குடித்தான். போதும் என்றால் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அன்று ராத்திரி தூக்கம் போயிற்று. நம்ம வீட்டில் கதை வேறு. விருந்தாளி வாயால் போதும் போதும் என்றாலும் இன்னொரு கரண்டி போடுவோம். முதல் மறுப்பை மறுப்பாகவே எடுத்துக்கொள்ள மாட்டோம்.

சிரித்தீர்கள், சரி. சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பெண்கள் கடல்பாசி எடுக்கிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்குவார்கள், இல்லாவிட்டால் பாறை கிழித்துவிடும். அவர்களைக் கூட்டி வைத்து ஒரு கூட்டம். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பதெல்லாம் வேண்டாம். வந்த அதிகாரிகள் நல்ல தமிழில்தான் பேசினார்கள். இங்கே போகக்கூடாது, இதை எடுக்கக்கூடாது என்று விளக்கினார்கள். பெண்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சம்மதித்தார்கள் என்று எழுதிக்கொண்டு வண்டி போய்விட்டது.

ஊருக்கு வந்தவரை முகத்துக்கு நேராக மறுத்துப் பேசும் வழக்கம் அந்தப் பெண்களுக்கு இல்லை. தலையாட்டினால் கேட்கிறோம் என்று அர்த்தம். முடிவு பிறகு வரும். ஊரார் கூடி, மூத்தவர்கள் பேசி, புருஷன் கடலிலிருந்து வந்து, அப்புறம்தான். அடுத்த வாரம் அவர்கள் பாசிக்குப் போனதும், ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு பக்கம் கோபம். எங்களை எங்கே கேட்டார்கள் என்று இன்னொரு பக்கம் கோபம். இத்தனைக்கும், மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தாங்களே பேசி முடிவெடுத்தவர்கள் பாம்பன் பக்கத்துப் பெண்கள். கட்டுப்பாடு அவர்களுக்குப் புதிதில்லை. அவர்கள் பேசுகிற முறையில் பேசவில்லை என்பதுதான் கோளாறு.

அப்துல் கலாம் அவர்களே எழுதிய சம்பவம் ஒன்று. ராமேஸ்வரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். முஸ்லிம் பையனுக்குத் தன் சமையலறையில் பரிமாற ஆசிரியரின் மனைவி சம்மதிக்கவில்லை. ஐயர் தன் கையால் பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டார். அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அடுத்த வாரமும் வா என்றார் ஐயர். அந்த முறை அம்மாளே உள்ளே அழைத்துப் பரிமாறினார். மூன்று பேரும் பேசியது தமிழ்தான். தடை சமையலறை வாசலில் இருந்தது. விளக்கம் சொல்லியோ வாதம் செய்தோ அதை யாரும் நகர்த்தவில்லை.

கடைசியாக, எதிரணி இரண்டாவது பேச்சாளர் கச்சத்தீவைத் தூக்கிப் பிடித்தார். அந்தோணியார் திருவிழாவில் இரு நாட்டு மீனவரும் கட்டிப்பிடித்துக்கொள்வது ஒரே தமிழ் பேசுவதால்தான் என்றார். இல்லை ஐயா. ஒரே அந்தோணியார், ஒரே நேர்த்தி, ஒரே சிலுவைப்பாதை. அதனால்தான் கட்டிப்பிடிக்கிறார்கள். தமிழ் மட்டும் போதுமென்றால், 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதம் கொழும்பிலும் இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகளும் அதே தமிழில் உட்கார்ந்து பேசினார்களே, கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை விவகாரம் ஏன் தீரவில்லை? 2017-இல் இலங்கை சட்டம் போட்டுத் தடை செய்கிற வரை போயிற்றே? அதில் வயிற்றுப்பாடும் கலந்திருக்கிறது, முழுப் பழியையும் பழக்கத்தின் மேல் போட மாட்டேன். ஆனால் மொழி அங்கே குறையே இல்லை என்பதை அவர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நடுவர் மணியை அடித்துவிட்டார். அடுத்து வருகிற தம்பி முதலில் கச்சத்தீவுக்குப் பதில் சொல்லட்டும், அப்புறம் யாத்திரிகர் கதைக்கு வரட்டும். நன்றி, வணக்கம்.