ஸ்டோயிக்காக வாழக் கடவுள் நம்பிக்கை வேண்டுமா? பாதி பதில் ஓர் ஆமையிடம் இருக்கிறது

(திரையில்: மல்லாந்து கிடக்கும் ஆமை)

இந்த ஆமையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். மல்லாந்து கிடக்கிறது. வலி எதுவும் இல்லை, யாரும் அடிக்கவும் இல்லை. ஆனாலும் கால்களை உதறுகிறது, கழுத்தை நீட்டுகிறது. நிமிர்ந்து தன் காலில் நிற்கும் வரை அது ஓயாது.

கிட்டத்தட்ட 2000 வருடங்களுக்கு முன்பு, ரோமானியத் தத்துவவாதி செனகா ஒரு கடிதத்தில் இதே ஆமையைப் பற்றி எழுதினார். ஸ்டோயிக் என்பது பழைய கிரேக்கத்தில் பிறந்து ரோமுக்குப் பரவிய ஒரு தத்துவப் பள்ளி, செனகா அதைச் சேர்ந்தவர். ஸ்டோயிக் அறத்துக்குக் கடவுள் நம்பிக்கை தேவையா என்று கேட்டால், பாதி பதிலை நான் இந்த ஆமையிடம்தான் எடுப்பேன். மீதிப் பாதி கால் ஊனமான ஒரு முன்னாள் அடிமையிடம் இருக்கிறது. அவரிடமும் வருவோம்.

முதலில் பின்னணி, வேகமாக. சைப்ரஸ் தீவைச் சேர்ந்த ஜீனோ ஒரு வணிகர். கப்பல் உடைந்து ஏதென்ஸில் ஒதுங்கினார் என்பார்கள். கி.மு. 300 வாக்கில், சுவரெல்லாம் சித்திரம் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் பாடம் சொல்ல ஆரம்பித்தார். அந்த மாதிரி மண்டபத்துக்குக் கிரேக்கத்தில் 'ஸ்டோவா' என்று பெயர். அதிலிருந்துதான் 'ஸ்டோயிக்'. பின்னணி இவ்வளவு போதும்.

'இயற்கையோடு இசைந்து வாழ்.' இதுதான் அவர்களுடைய மையமான வாக்கியம். இயற்கை என்றதும் நமக்கு மரமும் மலையும் அருவியும் வந்து நிற்கும். அவர்கள் சொன்னது அதை அல்ல. 'இயல்பு' என்று சொன்னால் கொஞ்சம் பக்கத்தில் வரலாம். அதிலும் இரண்டு உண்டு: மனிதனின் இயல்பு, பிரபஞ்சத்தின் இயல்பு. இந்த இரண்டாவதில்தான் கடவுள் வருகிறார்.

எப்படிப்பட்ட கடவுள்? மேலே எங்கோ உட்கார்ந்திருப்பவர் இல்லை. நெருப்பும் காற்றும் கலந்த ஒரு மூச்சு, கல்லிலும் செடியிலும் உங்களுக்குள்ளும் ஊடுருவி நிற்கிறது, அதற்கு அறிவும் உண்டு. அதைத்தான் அவர்கள் ஜீயஸ் என்றார்கள். கடவுளுக்குக் கோவில் கட்டவே கூடாது என்று ஜீனோ எழுதியிருக்கிறார்! அதனால் மதம் என்றதும் கோவில், பூசாரி, வரம் என்று நினைத்தால் அந்தப் படம் இங்கே பொருந்தாது.

அதற்காக, 'அப்படியானால் அவர்களுக்குப் பக்தியே கிடையாது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜீனோவுக்கு அடுத்து அந்தப் பள்ளியின் தலைவராக வந்த கிளியாந்தீஸ் முன்னாள் குத்துச்சண்டை வீரர். ராத்திரி தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கூலி வாங்கி, பகலில் தத்துவம் படித்தவர். அவர் ஜீயஸைப் போற்றி எழுதிய பாடல் இன்றும் இருக்கிறது. சடங்குக்காக எழுதியது மாதிரி தெரியாது, உருகி எழுதியிருக்கிறார். ஆனால் அதே ஜீனோவிடம் படித்த அரிஸ்டோ, 'பிரபஞ்சம் எப்படி இயங்குகிறது என்பது நமக்கு எட்டாத விஷயம், எப்படி வாழ்வது என்பது மட்டுமே நம் வேலை' என்று பிரிந்து போனார். ஸ்டோயிக்காக இருக்கக் கடவுள் வேண்டுமா என்று இன்று இணையத்தில் நடக்கும் சண்டை முதல் தலைமுறையிலேயே, அந்த வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிட்டது.

சரி, ஆமைக்கு வருவோம். செனகா அந்தக் கடிதத்தில் ஆமைக்கு முன்னால் ஒரு குழந்தையைக் காட்டுகிறார். எழுந்து நிற்கப் பழகும் குழந்தை. விழுகிறது, அழுகிறது, அழுதுகொண்டே திரும்பவும் எழுகிறது. விழுந்தால் வலிக்கும், உட்கார்ந்தே இருந்தால் வலிக்காது. இன்பத்தைத் தேடி வலியை விட்டு ஓடுவதுதான் உயிர்களின் அடிப்படை என்றால், அந்தக் குழந்தை ஏன் எழ வேண்டும்? தன் இயல்பு எதுவோ அதுவாக ஆக வேண்டும் என்ற உந்துதல் வலியை விடப் பெரியது. இதை யோசித்த நாளிலிருந்து தவழும் குழந்தையை வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன்.

இங்கிருந்து ஸ்டோயிக்குகள் மேலே போகிறார்கள். குழந்தை வளர்கிறது, பகுத்தறிவு வருகிறது. இனி அதன் நிற்கும் நிலை பகுத்தறிவோடு வாழ்வது. பொய்யும் கோழைத்தனமும் அநீதியும் மல்லாந்து கிடப்பது. இந்தப் படிகளில் எதிலாவது ஜீயஸ் வந்தாரா? என் கணக்கில் இல்லை. பழைய ஸ்டோயிக்குகள் ஒப்ப மாட்டார்கள், ஆமைக்கு அந்த உந்துதலை வைத்ததே கடவுள்தான் என்பார்கள். ஆனால் இன்று பரிணாமம் அந்த இடத்தை நிரப்பிவிடும். 1998-இல் அமெரிக்கத் தத்துவவாதி லாரன்ஸ் பெக்கர் இதைத்தான் செய்தார். 'இயற்கையைப் பின்பற்று' என்பதை 'உண்மைகளைப் பின்பற்று' என்று மாற்றி, கடவுள் இல்லாத ஸ்டோயிக் அறத்தை முழுசாகக் கட்டிக் காட்டினார். அறம் அசையாமல் நின்றது.

அப்படியானால் எதுவுமே போகவில்லையா? போகிறது. அதைப் பார்க்க ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸிடம் போக வேண்டும். அடிமையாகப் பிறந்தவர், கால் ஊனம். தன்னிடம் படிக்க வந்தவர்களிடம், அந்தக் காலை வைத்தே ஒரு கேள்வி கேட்கிறார்: ஓர் அற்பக் காலுக்காகப் பிரபஞ்சத்தையே குறை சொல்வாயா? அதை முழுமைக்கு விட்டுக்கொடுக்க மாட்டாயா?

'விட்டுக்கொடு' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். பொறுத்துக்கொள்ள நமக்கு யாரும் தேவையில்லை, பல்லைக் கடித்தால் போதும். கொடுப்பதற்கு வாங்கிக்கொள்ள எதிரில் யாராவது இருக்க வேண்டும். அணுக்கள் குருட்டாம்போக்கில் மோதி என் கால் போனது என்றால் நான் அதைத் தாங்கலாம், கொடுக்க முடியாது. அதே எபிக்டெட்டஸ், 'நான் குயிலாக இருந்தால் குயிலின் வேலையைச் செய்வேன். மனிதன், அதனால் கடவுளைப் பாடுகிறேன்' என்ற பொருளில் பேசுகிறார். அந்தப் பாட்டு, அந்த நன்றி, அதைக் கடவுள் இல்லாமல் மீட்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு முடியும் என்று தோன்றினால் கமெண்டில் எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன்.

கடைசியாக மார்க்கஸ் அரேலியஸ். 161 முதல் 180 வரை ரோமப் பேரரசர், அவரும் ஸ்டோயிக். தெய்வங்களை நம்பியவர்தான். ஆனாலும் தன் குறிப்பேட்டில் 'தெய்வ ஏற்பாடா, வெறும் அணுக்களா' என்ற கேள்விக்குத் திரும்பத் திரும்ப வருகிறார். ஓரிடத்தில், எல்லாமே தறிகெட்டு நடந்தாலும் நீ தறிகெட்டு நடக்காதே என்று தனக்கே சொல்லிக்கொள்கிறார்.

அதே குறிப்பேட்டில் இன்னொரு வரி. 'என் குழந்தையை இழக்காமல் இருக்க வேண்டும்' என்று ஒருவன் வேண்டுகிறான். நீ, 'இழந்துவிடுவேனோ என்று அஞ்சாமல் இருக்க வேண்டும்' என்று வேண்டு. தன் பிள்ளைகளில் பலரைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்த தகப்பன் எழுதிய வரி இது. தெய்வத்தை எடுத்துவிட்டு இதை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அர்த்தம் குறையவில்லை. ஆனால் 'வேண்டு' என்ற சொல்லை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. அந்த இடத்தில் எந்தச் சொல்லை வைப்பது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.