லீக் சராசரியில மேல இருக்கறவர் தேசிய அணியில ஏன் இல்ல? பிரிட்டிஷ் ஸ்பீட்வே பத்தின சந்தேகத்துக்கு விளக்கம்

ஒரு நேயர் கேட்டிருக்கற கேள்வியை முதல்ல படிச்சுடறேன். "பிரிட்டன் லீக்ல எட்டு, எட்டரைன்னு சராசரி வெச்சிருக்கற உள்நாட்டு ரைடர்ஸ் நாலஞ்சு பேர் இருக்காங்க. ஆனா தேசிய அணின்னு வந்தா ராபர்ட் லாம்பர்ட், டான் பியூலி ரெண்டு பேர்தான் எப்பவும். மூணாவது ஆளா யாராவது ஒரு சின்னப் பையன். இது சரியான தேர்வா? இல்ல, அங்க திறமையே தீர்ந்துபோச்சா?"

திறமை தீரல. தேர்வும் பெரும்பாலும் சரிதான். கோளாறு வேற இடத்துல இருக்கு. அதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

புதுசா பார்க்கறவங்களுக்காக ஒரு நிமிஷம். ஸ்பீட்வேன்னா மண் டிராக்ல நாலு பேர், நாலு சுற்று, இடது பக்கமா வளைஞ்சு ஓட்டற பந்தயம். 500 சிசி, ஒத்தை சிலிண்டர், மெத்தனால் எரிபொருள். பிரேக் கிடையாது, கியர் ஒன்னே ஒன்னு. வண்டியோட குறைந்தபட்ச எடை 77 கிலோ. ஒரு ஹீட், அதாவது இப்படி ஒரு நாலு சுற்றுப் பந்தயம், ஒரு நிமிஷம் ஓடினாலே அதிகம். லீக்ல முதல் ஆளுக்கு 3, அடுத்தவருக்கு 2, மூணாவதுக்கு 1, கடைசிக்கு ஒன்னுமில்ல.

இப்போ தேர்வுக்கு வருவோம். இதுக்குன்னு தகுதிப் போட்டி எதுவும் கிடையாது. மேனேஜர் கூப்பிடறதுதான். 2020லேருந்து சைமன் ஸ்டெட், ஆலிவர் ஆலன் ரெண்டு பேரும் சேர்ந்து அந்தப் பொறுப்பைப் பார்க்கறாங்க. ரெண்டு பேருமே முன்னாள் ரைடர்ஸ். பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் ஜெயிச்சா அணியில இடம் தானா வந்துடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அப்படி இல்ல. 2018ல ராபர்ட் லாம்பர்ட், 2019ல சார்ல்ஸ் ரைட், 2020ல ரோரி ஷ்லைன், 2021ல ஆடம் எல்லிஸ் ஜெயிச்சாங்க. இந்த நாலு பேர்ல தேசிய அணியில அசைக்க முடியாத இடம் பிடிச்சது லாம்பர்ட் மட்டும்தான். அந்தப் பட்டம் ஒரே ராத்திரி, ஒரே டிராக்ல முடிவாகுது. அன்னைக்கு அந்த மண்ணு யாருக்கு ஒத்துவந்ததோ அவர் ஜெயிப்பார். பட்டத்துக்கு மரியாதை உண்டு, ஆனா போலந்துல போய் ஓட்டறதுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

இன்னொன்னு, யார் எந்த நாட்டுக்கு ஓட்டறாங்கங்கறது பிறந்த ஊரை வெச்சு முடிவாகறதில்ல. ஜேசன் கிரம்ப் பிரிஸ்டல்ல பிறந்தவர், ஆனா ஓட்டினது ஆஸ்திரேலியாவுக்கு. டாய் வொஃபின்டன் ஸ்கந்தார்ப்ல பிறந்து ஆஸ்திரேலியாவுல வளர்ந்தவர். அவர் பிரிட்டனுக்கு ஓட்டி 2013, 2015, 2018னு மூணு தடவை உலக சாம்பியன் ஆனார்.

சரி, சராசரி விஷயம். நேயரோட கேள்விக்கு முடிச்சே இங்கதான் இருக்கு. ஒரு ரைடர் எடுத்த புள்ளி, அதோட போனஸ் புள்ளி, ரெண்டையும் கூட்டி நாலால பெருக்கி, ஓட்டின ஹீட் எண்ணிக்கையால வகுக்கணும். சொந்த அணிக்காரருக்கு நேர் பின்னாடி ரெண்டாவதாவோ மூணாவதாவோ வந்தா ஒரு போனஸ். ஒருத்தர் நாலு ஹீட்ல 3, 2, 2, 1 எடுத்து, ஒரு போனஸும் வாங்கியிருக்கார்னு வைங்க. மொத்தம் 9, அன்னைக்கு சராசரியும் 9.00. ரிசர்வ் இடத்துல இருக்கற இன்னொருத்தர் ஆறு ஹீட் ஓட்டி, போனஸோட 11 எடுக்கறார். அவருக்கு 7.33.

எண்ணைப் பார்த்தா தெளிவா இருக்கற மாதிரி தெரியும். ஆனா அந்தப் புள்ளி யாருக்கு எதிரா வந்ததுன்னு இதுல எங்கயுமே தெரியாது. லீக் மேட்ச்ல மொத்தம் 15 ஹீட். ரெண்டாவது ஹீட் ரிசர்வ்களுக்குள்ளயே நடக்கற ஹீட். ஆறாம் நம்பரும் ஏழாம் நம்பரும் மட்டும்தான் அதுல. அங்க எடுக்கற 3 புள்ளியும், 13வது ஹீட்ல எதிரணியோட முதல் நம்பரை, அதாவது அவங்க சிறந்த ரைடரை முந்தி எடுக்கற 3 புள்ளியும் சராசரியில ஒரே எடை. இதுக்கு மேல சொந்த டிராக் சமாச்சாரம் வேற. தன் ஊர் டிராக்ல எந்தக் கேட்டுக்கு, அதாவது ஸ்டார்ட்ல நிக்கற இடத்துக்கு முன்னாடி மண்ணு பிடிக்கும், எட்டு மணிக்கு மேல எங்க வழுக்கும்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லக்கூடிய ரைடர்ஸ் இருக்காங்க. அவங்க வீட்டுல பத்து எடுப்பாங்க, வெளியூர்ல ஆறு எடுப்பாங்க. பேப்பர்ல எட்டுன்னு வரும். தேசிய மேனேஜருக்கு வேண்டியது அந்த ஆறுதான். உலகக் கோப்பை மாதிரி போட்டிகள்ல வாரா வாரம் ஓட்டிப் பழகின டிராக் கிடைக்கறது அபூர்வம்.

அடுத்து போட்டியோட அமைப்பு. 2018ல வந்த ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ், ஜோடிப் போட்டி. ஒரு நாட்டுக்கு ரெண்டு பேர் ஓட்டுவாங்க, மூணாவது ஆள் மாற்று. ஆரம்பத்துல அந்த மூணாவது ஆள் 21 வயசுக்குள்ள இருந்தாகணும்னு விதி. "சின்னப் பையன்"னு நேயர் சொன்னதுக்கு இதுதான் காரணம். மேனேஜருக்கு அதுல வேற வழியே இல்ல. டாம் பிரெனன் 2021ல அணிக்கு வந்தது அந்த வாசல் வழியாத்தான்.

ஜோடிப் போட்டியில புள்ளி 3-2-1-0 இல்ல. 4-3-2-0. மொத்தம் ஒன்பது புள்ளி. ஒரு ஜோடியில ஒருத்தர் முதல்ல வந்து, இன்னொருத்தர் கடைசியா வந்தா 4. ரெண்டாவது, மூணாவதா சேர்ந்து வந்த ஜோடிக்கு 5. அதாவது ஹீட்டை ஜெயிச்ச ரைடரோட நாடு அந்த ஹீட்ல தோத்துடும்! இந்த ஒரு கணக்கே தேர்வை மாத்திடுது. பறந்து போய் ஜெயிச்சிட்டு, துணை ஆள் பின்னாடி என்ன ஆனார்னு பார்க்காதவர் இங்க பாதி ரைடர்தான். கடைசி ஆளா வராம இருக்கத் தெரியறது இங்க தனித் திறமை.

ஜோடியா ஓட்டறதுன்னா என்னன்னு ஒரு வளைவை மட்டும் எடுத்துச் சொல்றேன். ரெண்டாவது வளைவு முடிஞ்சு நேர்ப்பாதைக்கு வர்ற இடம். நம்ம ஆள் முன்னாடி இருக்கார். துணை ரைடர் மூணாவதா, உள்பக்கக் கோட்டை ஒட்டி வர்றார். நடுவுல எதிரணி ஆள். முன்னாடி இருக்கறவர் தனியா ஜெயிக்கணும்னா நேரா இழுத்துக்கிட்டுப் போகலாம். ஜோடிக்காக ஓட்டணும்னா, தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்து, திராட்டிலைக் கொஞ்சம் விட்டு, டிராக்கோட நடுவுக்கு நகரணும். எதிரணி ஆளோட வெளிவழி அடைபடும், பின்சக்கரம் வாரியடிக்கற மண்ணும் அவர் முகத்துல விழும். உள்பக்கம் துணைக்குத் திறக்கும். ஆனா அரை மீட்டர் அதிகமா நகர்ந்தா, அதே எதிரி உள்பக்கமா நுழைஞ்சு ரெண்டு பேரையும் பிரிச்சுடுவார். இதுக்கு ஒருத்தரை ஒருத்தர் வருஷக்கணக்கா தெரிஞ்சிருக்கணும். லாம்பர்ட்டையும் பியூலியையும் திரும்பத் திரும்ப சேர்த்துப் போடறதுக்கு இதுவே போதுமான காரணம். பியூலி வேலியை ஒட்டி வெளிவழியில வேகத்தை விடாம சுத்தி வந்து முந்தறவர். அவருக்கு வெளிப்பக்கத்தை விட்டுக்கொடுத்து உள்ளே பிடிச்சுக்கற துணை வேணும்.

பலன் என்னன்னு பாருங்க. 1989ல பிராட்ஃபோர்டுல இங்கிலாந்து உலக அணிக் கோப்பை ஜெயிச்சதுக்கு அப்புறம் 32 வருஷம் தங்கம் இல்ல. 2004ல பூல் (Poole) நகரத்துல ஸ்வீடன்கிட்ட ஒரே புள்ளியில போச்சு. 2016ல ரெண்டாவது, 2018ல ரெண்டாவது. 2021 ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்ல, மான்செஸ்டர்ல தங்கம். 2022ல டென்மார்க்கோட வோயன்ஸ்ல வெள்ளி, 2023 உலகக் கோப்பையில போலந்துக்கு அடுத்து வெள்ளி, 2024ல மறுபடி மான்செஸ்டர்ல தங்கம். இப்படிக் கொண்டுவந்த தேர்வைத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

இனி வண்டி, டிராக். லீக்ல நல்லா ஓட்டறவர் வெளிநாட்டுல ஏன் திணறறார்னா, பாதிக் காரணம் இதுதான். சர்வதேச விதிப்படி டிராக் நீளம் 260 மீட்டர்லேருந்து 425 மீட்டர் வரை இருக்கலாம். பிரிட்டன்ல சின்ன, இறுக்கமான வளைவுள்ள டிராக்குகள் நிறைய. போலந்துல பெரும்பாலும் பெரிசு, அகலமும் அதிகம். சின்ன டிராக்ல பழகினவர் வளைவுக்குள்ள சீக்கிரமே வண்டியைத் திருப்பி, உள்ளே வெட்டி, நேர்ப்பாதைக்கு வருவார். அங்க அது சரி. பெரிய டிராக்ல அப்படித் திருப்பினா வேகம் செத்துடும். வெளிப்பக்கமா வர்றவர் அதே வேகத்தோட தாண்டிப் போயிடுவார்.

கியர் விகிதமும் அப்படித்தான். பின்சக்கர ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல் கூட்டறது, குறைக்கறதுகூட வித்தியாசம் காட்டும். பெரிய டிராக்குக்குப் பல் குறையணும். குறைக்காம வந்தா, கேட்லேருந்து அருமையா கிளம்பும், நேர்ப்பாதை நடுவுல இன்ஜின் உச்சத்தைத் தொட்டுக் கத்தும், ஆனா வண்டிக்கு அதுக்கு மேல வேகம் கிடையாது. அளவுக்கு மேல குறைச்சா, கேட்லயே அமுங்கிடும். இதை ஹீட்டுக்கு ஹீட் கணிச்சு மாத்தறது ரைடரும் அவரோட மெக்கானிக்கும்தான். டிராக் காய்ஞ்சு வழுக்க ஆரம்பிச்சா மறுபடி எல்லாமே மாறும்.

விதியிலயும் ஒரு பொறி இருக்கு. பிரிட்டன் லீக்ல, ஸ்டார்ட் கோட்டுல குறுக்கே இருக்கற டேப்பை அது மேல எழும்பறதுக்கு முன்னாடி தொட்டுட்டா, 15 மீட்டர் பின்னாடி நின்னு ஓட்டற வாய்ப்பு கிடைக்கும். சர்வதேசப் போட்டியில அந்த ஹீட்லேருந்தே வெளிய. டேப்போட சூதாடி நல்ல சராசரி எடுக்கறவரை மேனேஜர் கூப்பிடத் தயங்கறதுல ஆச்சரியம் இல்ல.

சரி, மூணாவது, நாலாவது ஆள் ஏன் இல்ல? கேள்வியோட ரெண்டாவது பாதி இது. எனக்கு உண்மையிலேயே கவலை தர்றதும் இதுதான். 1970கள்ல, 80கள்ல உலகத்தோட சிறந்த லீக் பிரிட்டன்ல இருந்தது. நியூசிலாந்தோட ஐவன் மாகர், டென்மார்க்கோட ஓலே ஓல்சன், ஹான்ஸ் நீல்சன் எல்லாரும் அங்கதான் ஓட்டினாங்க. ஒரு பிரிட்டிஷ் பையன் தன் ஊர்லயே உலக சாம்பியனுக்குப் பக்கத்துல கேட்ல நின்னான். இப்போ பணம் போலந்துல இருக்கு, உலகத் தரமான ரைடர்ஸும் அங்க இருக்காங்க. அதோட டிராக்குகளும் போயிட்டே இருக்கு. கவென்ட்ரியில 2016க்கு அப்புறம் லீக் இல்ல. ஸ்விண்டன் 2019க்கு அப்புறம் ஓடல. வுல்வர்ஹாம்ப்டன், பீட்டர்பரோ ரெண்டும் 2023ல முடிஞ்சுது. ஒரு டிராக் மூடினா ஒரு அணி மட்டும் போகல, அந்தச் சுத்துவட்டாரப் பையன்களோட பயிற்சி நேரமும் போச்சு.

பையன் வர்ற பாதை இது: 125 சிசி, அப்புறம் 250, பதினஞ்சு வயசுல 500. நேஷனல் டெவலப்மென்ட் லீக், அங்கேருந்து சாம்பியன்ஷிப்ங்கற ரெண்டாம் நிலை லீக், அதுக்கு மேல பிரீமியர்ஷிப். 2021லேருந்து ஒவ்வொரு பிரீமியர்ஷிப் அணியிலயும் "ரைசிங் ஸ்டார்"னு ஒரு வளரும் ரைடருக்கு இடம் ஒதுக்கியிருக்காங்க. நல்ல ஏற்பாடு, ஆனா பாதி வேலைதான். அவர் ரிசர்வ்ல நிக்கறதால பாதி நேரம் தன்னை மாதிரியே இன்னொரு ரைசிங் ஸ்டாரோடதான் மோதறார். அவருக்கு வேண்டியது எதிரணியோட முதல் நம்பர்கிட்ட வாரம் ரெண்டு தடவை தோத்து, எங்க தோத்தோம்னு பார்க்கற வாய்ப்பு. அது இப்போ போலந்துல கிடைக்குது. அங்க 2022ல தொடங்கின 24 வயசுக்குட்பட்டோர் லீக் அதுக்கு ஒரு வழி. ஆனா போகறதுக்குப் பணம் வேணும். ரைடர் மாசச் சம்பளக்காரர் இல்ல, சொந்தத் தொழில் மாதிரி. குறைஞ்சது ரெண்டு வண்டி, மாத்து இன்ஜின், வேன், மெக்கானிக், இன்ஜின் சர்வீஸ் எல்லாம் அவர் கையிலேருந்து. வீட்டுல வசதி இல்லாத பையன் இங்கதான் நின்னுடறான். லாம்பர்ட்டும் பியூலியும் சின்ன வயசுலயே வெளிநாட்டு லீக்குகளுக்குப் போனாங்க, அதனால இந்த உயரத்துல இருக்காங்க. அதே வயசுல அதே திறமையோட இருந்து, உள்ளூர் லீக்ல எட்டு சராசரியிலயே நின்னுபோனவங்கதான் நேயர் சொல்ற அந்த நாலஞ்சு பேர். அவங்களுக்குத் திறமை குறைவுன்னு நான் சொல்லவே மாட்டேன்.

அடுத்த தடவை யாரை எடுக்கலாம்னு நீங்களே கணிக்கணும்னா, சராசரிப் பட்டியலை மூடி வெச்சுட்டு மேட்ச் ஸ்கோர் கார்டைத் திறங்க. வெளியூர் மேட்ச்களை மட்டும் எடுங்க. ரெண்டாவது ஹீட்டை அடிச்சுடுங்க. 13வது ஹீட்லயும், மேனேஜர் ஆளைத் தேர்ந்தெடுத்து இறக்கற 15வது ஹீட்லயும் அவர் எத்தனாவது வந்தார்னு பாருங்க. கடைசியா எத்தனை தடவை வந்தார்னு தனியா எண்ணுங்க. போனஸ் புள்ளி எத்தனைன்னும் பாருங்க, ஜோடியா ஓட்டறாரான்னு அதுல ஓரளவு தெரியும். ஒரு சீசனுக்கு இப்படிப் போட்டுப் பார்த்துட்டு, உங்க மூணாவது ஆள் யாருன்னு கமென்ட்ல எழுதுங்க.