ஹெபடைடிஸ் ஜி: இந்த வைரஸுக்குப் பயப்பட வேண்டுமா?

[திரையில்: 362 வெள்ளைப் புள்ளிகள்]

அமெரிக்காவின் அயோவாவில், எச்ஐவி தொற்று உள்ள 362 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 144 பேருக்கு எச்ஐவியோடு இன்னொரு வைரஸும் இருந்தது. ஐயோ, ஒன்று போதாதென்று இரண்டா என்றுதான் நமக்குத் தோன்றும். ஆய்வின் முடிவில் கணக்குப் பார்த்தபோது, அந்த இரண்டாவது வைரஸ் இல்லாதவர்களில் நூற்றுக்கு 56 பேர் இறந்திருந்தார்கள். அது இருந்தவர்களில் இறந்தது நூற்றுக்கு 28 பேர். பாதிதான்!

அந்த இரண்டாவது வைரஸின் பெயர் ஹெபடைடிஸ் ஜி.

வணக்கம் நண்பர்களே. ஏ, பி, சி எல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜி என்றும் ஒன்று இருக்கிறது என்று எங்கோ படித்துவிட்டு, வயிற்றில் புளியைக் கரைக்க இங்கே வந்திருக்கிறீர்கள் என்றால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம். ஆனால் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பின்னணியை வேகமாக முடித்துவிடலாம். 1960-களில் சிகாகோவில் ஓர் அறுவை மருத்துவருக்குக் கல்லீரல் அழற்சி, அதாவது ஹெபடைடிஸ், வந்தது. அவர் பெயரின் முதலெழுத்துகள் ஜி.பி. அவருடைய ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைத் தமரின் என்ற குட்டிக் குரங்குகளுக்குச் செலுத்தினார்கள், அவற்றுக்கும் கல்லீரல் அழற்சி வந்தது. சுமார் 30 ஆண்டுகள் கழித்து, 1995-இல், அபாட் நிறுவன ஆய்வாளர்கள் அந்தக் குரங்குகளின் வழியே வந்த ரத்தத்தில் இரண்டு வைரஸ்களைக் கண்டுபிடித்து ஜிபி-ஏ, ஜிபி-பி என்றார்கள். அதே சாயலில் மனிதர்களிடம் கிடைத்தது ஜிபி-சி. 1996-இல் ஜீன்லேப்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் தனியாக ஒன்றைக் கண்டுபிடித்து, ஹெபடைடிஸ் ஜி என்று பெயர் வைத்தது. ஒப்பிட்டால், இரண்டும் ஒரே வைரஸ்! (இடையில் எஃப் எங்கே போனது என்று கேட்பீர்கள். 1994-இல் ஒன்றை அறிவித்தார்கள், அது உறுதிப்படவே இல்லை. அந்த எழுத்து இன்றுவரை காலி.)

பெயர் வைத்த பிறகுதான் சிக்கல். இந்த வைரஸ் கல்லீரலை என்ன செய்கிறது என்று தேடினால், ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை. ரத்தம் ஏற்றியதால் இந்த வைரஸ் வந்தவர்களை ஹார்வி ஆல்ட்டர் குழு தொடர்ந்து கவனித்து 1997-இல் முடிவை வெளியிட்டது. ஹெபடைடிஸ் சி ஆராய்ச்சிக்காக 2020-இல் நோபல் பரிசு பெற்ற அதே ஆல்ட்டர்தான். பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பே இல்லை. ஹெபடைடிஸ் சி ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் இதனால் நோய் கூடவில்லை. இந்த வைரஸ் பெருகுவது முக்கியமாக ரத்த வெள்ளணுக்களில். 2011-இல் இதற்குப் பெகிவைரஸ் என்ற புதுப் பெயரை முன்மொழிந்தார்கள். என் கருத்து, அந்தப் பழைய பெயரை அப்போதே எல்லா இடத்திலும் அழித்திருக்க வேண்டும். ஒரு எழுத்தைப் பார்த்து எத்தனை பேர் தூக்கத்தைத் தொலைத்திருப்பார்கள்!

பரவுவது ரத்தம் வழியாக, உடலுறவு வழியாக, தாயிடமிருந்து குழந்தைக்கு. வளர்ந்த நாடுகளில் ஆரோக்கியமாக ரத்த தானம் செய்பவர்களிலேயே 100-க்கு 1 முதல் 5 பேரிடம் இது இருக்கிறது. பெரும்பாலோர் உடலிலிருந்து சில ஆண்டுகளில் தானாகப் போய்விடும். இந்தியாவில் தானம் செய்யும் ரத்தத்தில் கட்டாயமாகப் பார்ப்பது எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என்ற ஐந்துதான். அந்தப் பட்டியலில் இது இல்லை. நோயே தராத வைரஸுக்காக நல்ல ரத்தத்தை எதற்குக் கொட்ட வேண்டும்?

[திரையில்: ஒரு பழைய வீடு, திண்ணை, வாசல் கதவு]

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். எச்ஐவி விஷயம்.

நம் உடலில் சிடி4 அணு என்று ஒரு காவல் வெள்ளணு இருக்கிறது. அதை ஒரு வீடு என்று வையுங்கள். எச்ஐவி திருடன். பூட்டைத் திறந்தால் மட்டும் அவனால் உள்ளே போக முடியாது, கைப்பிடியையும் பிடித்துத் திருக வேண்டும். பூட்டு, அந்த அணுவின் மேலுள்ள சிடி4 என்ற புரதம். கைப்பிடி, பெரும்பாலும் சிசிஆர்5 என்ற இன்னொரு புரதம். பெகிவைரஸ் என்பவர் அந்த வீட்டுத் திண்ணையில் வருடக்கணக்காகப் படுத்திருக்கும் விருந்தாளி. யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் அவர் தங்கியிருக்கும் வீட்டில் சிசிஆர்5 குறைந்துவிடுகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. திருடன் கைவைப்பதற்குக் கைப்பிடியே இல்லாத கதவு! அதோடு, நோய் எதிர்ப்பு அணுக்கள் ஓயாமல் பதறிக்கொண்டே இருப்பதும் குறைகிறது. எச்ஐவி அந்தப் பதற்றத்தில்தான் வேகமாகப் பெருகும். ஒரு வைரஸ் இன்னொரு வைரஸின் வழியை அடைக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது, நான் அந்தப் பக்கத்தை மூன்று முறை திரும்பப் படித்தேன்.

அயோவா முடிவு வந்த அதே 2001-இல், ஜெர்மனியின் ஹனோவரிலிருந்தும் இதே திசையில் ஓர் ஆய்வு வந்தது. 2004-இல் வந்த இன்னொன்று இன்னும் நுட்பமானது. எச்ஐவி வந்த முதல் ஒன்றரை ஆண்டுக்குள் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், முதலில் பெகிவைரஸ் இருந்து பிறகு அதை இழந்தவர்களின் நிலைதான் மிக மோசம். இங்கேதான் ஒரு நல்ல சந்தேகம் எழுகிறது. விருந்தாளி போனதால் வீடு இடிந்ததா, வீடு இடிந்ததால் விருந்தாளி போனாரா? சிடி4 அணுக்கள் அழிந்தால் அதில் தங்கும் வைரஸும் குறையத்தானே செய்யும்! இதில் பலனே இல்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. அதனால் யாரும் இதை மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். எச்ஐவி இருப்பவர்களுக்கு ஏஆர்டி மாத்திரைதான் மருந்து, அதை ஒரு நாளும் விடக் கூடாது.

மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வந்த 49 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் 13 பேருக்கு இது இருந்தது, அவர்களில் இறந்தவர்களின் விகிதம் குறைவு. ஆனால் அது வயதின் விளைவாகவும் இருக்கலாம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நிணநீர்ப் புற்றுநோய் வந்தவர்களிடம் இது சற்று அதிகமாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. காரணம் இதுதான் என்று நிரூபணமாகவில்லை.

உங்களிடம் கவலை கொஞ்சம் மிச்சம் இருந்தால், தயவுசெய்து அதை பி, சி பக்கம் திருப்புங்கள். 2022-இல் இந்தியாவில் ஹெபடைடிஸ் பி இருந்தவர்கள் சுமார் 2.98 கோடி, சி இருந்தவர்கள் சுமார் 55 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. சி-யை மாத்திரையாலேயே குணப்படுத்தலாம். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். வீட்டில் பிரசவத்துக்குக் காத்திருப்பவர் இருந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாயிற்றா என்று நீங்களே கேளுங்கள். இந்த வீடியோவை இப்போதே அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.