உரத்தொட்டிக்குள் பூச்சிமருந்து வேண்டாம்

அவைத்தலைவர் அவர்களே, என்னை அன்போடு அறிமுகப்படுத்திய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வந்தமர்ந்து சிறப்பிக்கும் ஆசிரியப் பெருமக்களே, ஒரு மாலைப்பொழுதைத் தோட்டத்துக் குப்பைக்காக ஒதுக்கித் தந்த அன்பு நெஞ்சங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

‘சிறு துரும்பும் பல் குத்த உதவும்’ என்பது நான் எந்த மேடையிலும் சொல்லத் தவறாத பழமொழி. குப்பையை மட்கவைத்து உரமாக்கும் உரத்தொட்டிக்குள் குடியிருப்போர் யார், அவர்கள் செய்யும் வேலை என்ன, தொட்டியின் சூடு அவர்களை எப்படி இடம் மாற்றுகிறது என்ற மூன்றையும் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

மண்புழுவுக்குப் பல் கிடையாது. விழுங்கிய மணலைக் கொண்டு அரைவைப்பையில் உணவை அரைத்துக்கொள்கிறது. பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு இணைக் கால்கள் கொண்ட மரவட்டை மட்கும் சருகைத் தின்கிறது. வளையத்துக்கு ஓரிணைக் கால் மட்டுமே உள்ள பூரானோ அங்கே வேட்டைக்கு வருகிறது. தொட்டதும் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் சாம்பல்நிற உயிர் ஒன்று உண்டே, அது பூச்சியினமே அன்று. இறாலுக்கும் நண்டுக்கும் உறவு, ஆதலால் ஈரம் குறைந்தால் தாங்காது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் என் தொட்டியின் மூடியைத் திறந்தபோது, காய்கறித் தோல்களுக்கு நடுவே விரற்கடை நீளப் புழுக்கள் கூட்டமாக நெளிந்துகொண்டிருந்தன. காதை அருகே கொண்டுபோனால் சருகின்மேல் தூறல் விழுவது போன்ற ஓசை. அருவருப்புத் தாளாமல் பூச்சிமருந்துப் பொடியைக் கைநிறைய அள்ளித் தூவினேன். மறுநாள் ஓசை அடங்கியது, நிம்மதியடைந்தேன். பத்தாம் நாள் தோல்கள் அப்படியே கொழகொழத்துக் கிடக்க, நாற்றம் தாங்கவில்லை. கிளறிப் பார்த்தால், அடியில் வெளுத்துச் சுருங்கிய மண்புழுக்கள் கொத்துக் கொத்தாக. மூத்த தோட்டக்காரர் ஒருவர் அன்று என் அருகில் குந்தியமர்ந்து பொறுமையாகச் சொன்னார்: அவை படைவீரன் ஈ எனப்படும் கருப்பு ஈயின் புழுக்கள், அந்த ஈ கடிக்காது, கொட்டாது, புழுக்கள் இருக்கும் இடத்தில் வீட்டு ஈ பெருகுவதும் குறையும். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று மேடைதோறும் சொன்ன நானே அந்தத் துரும்பை அழித்திருந்தேன். அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை.

சூட்டைப் பற்றி ஒன்றே ஒன்று: குவியலின் நடுப்பகுதி ஏறத்தாழ 45 பாகை செல்சியசைத் தாண்டும்போது வெப்பம் தாங்கும் நுண்ணுயிர்கள் வேலையை ஏற்றுக்கொள்ள, புழு பூச்சிகள் ஓரத்துக்கு ஒதுங்கி, ஆறியபின் திரும்புகின்றன.

புழு மிகுதியாகத் தெரிந்தால் உலர்சருகைப் பரப்புங்கள். எறும்பு புற்றுக் கட்டினால் தொட்டி காய்ந்திருக்கிறது, நீர் தெளியுங்கள். நாற்றம் வந்தால் கிளறிக் காற்று விடுங்கள். மருந்தடித்த இலைதழையை உள்ளே போடாதீர்கள். ‘என் உரத்தொட்டியில் பூச்சிமருந்து இடமாட்டேன்’ என்ற உறுதிமொழித் தாள் வாயிலருகே இருக்கிறது. முதல் கையெழுத்தை இட அவைத்தலைவர் அவர்கள் மனமுவந்து இசைந்திருக்கிறார்கள். அடுத்தது உங்களுடையதாக இருக்கட்டும்.